பொருந்தாத பிளக்கைப் பொறுத்துக்கொள்ளும் சாக்கெட்

மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் யார் உட்கார்ந்தாலும் இரண்டே வாரத்தில் அதே புகாருடன் வருவார்கள்: இணையம் மெதுவாக இருக்கிறது. பக்கத்து மேசைகளில் 1000 மெகாபிட் வேகம் கிடைக்கும்போது அங்கே மட்டும் 100. கேபிளை மாற்றினோம். கம்ப்யூட்டரை மாற்றினோம். எல்லா மேசைகளின் கேபிளும் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சில் வேறு போர்ட்டில் இணைத்துப் பார்த்தோம். எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு மாலை நேரம் தரையில் படுத்து, சுவரோரத்து சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எட்டுத் தங்க நிறக் கம்பிகள் சீப்பின் பற்களைப் போல வரிசையாகச் சாய்ந்து நிற்க வேண்டும். ஆறுதான் வரிசையில் நின்றன. எட்டாவது கம்பி வரிசையை விட்டு விலகி உள்ளே பதுங்கியிருந்தது. முதல் கம்பியும் சற்று விலகித்தான் இருந்தது, ஆனால் அது பிளக்கை இன்னும் தொட்டுக்கொண்டிருந்தது.

விசாரித்தபோது கதை தெரிந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அந்த மேசையில் தொலைபேசி இருந்தது. தொலைபேசிக் கம்பியின் சிறிய பிளக்கை அந்த சாக்கெட்டில்தான் செருகியிருந்தார்கள். அது உள்ளே போனது, 'டிக்' என்று பூட்டிக்கொண்டது, தொலைபேசியும் ஒழுங்காக வேலை செய்தது. செருகியவர் தவறு செய்ததாக எந்த அறிகுறியும் அவருக்குக் கிடைக்கவில்லை. காயம் பட்டது சாக்கெட்டுக்கு. அதன் வலியைப் பல மாதங்கள் கழித்து, சம்பந்தமே இல்லாத வேறு ஒருவர் அனுபவித்தார்.

கேபிள் இழுப்பதும் பாயிண்ட் பொருத்துவதும் என் தொழில். அந்த மாலைக்குப் பிறகு எந்த சாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி மாறிவிட்டது. சரியான பிளக்கை இது எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பது இரண்டாவது கேள்வி. தவறான பிளக் வந்து போன பிறகும் சரியான பிளக்கை இது பிடிக்குமா என்பதே முதல் கேள்வி. பிளக் வரும், போகும், பழுதானால் கடையில் புதிது கிடைக்கும். சாக்கெட் சுவரில் பதிந்தது, அதன் பின்னால் பல அடி ஒயர் இருக்கிறது. அடிபட வேண்டியது பிளக்தான் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் நாம் புழங்கும் சாக்கெட்டுகளில் பெரும்பாலானவை அதற்கு நேர்மாறாகவே அமைந்திருக்கின்றன.

அந்த எட்டாவது கம்பிக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஆர்ஜே45 என்று நாம் அழைக்கும் நெட்வொர்க் பிளக் ஏறத்தாழ 11.7 மில்லிமீட்டர் அகலம். ஆர்ஜே11 என்கிற தொலைபேசி பிளக் சுமார் 9.65 மில்லிமீட்டர். இரண்டும் 1970களில் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பிறந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்பிகளுக்கு இடைப்பட்ட தூரம் இரண்டிலும் ஒன்றுதான், 1.02 மில்லிமீட்டர். அதனால் சிறிய பிளக்கைப் பெரிய சாக்கெட்டில் செருகினால் நடுவில் உள்ள கம்பிகள் நேருக்கு நேர் அமைந்துவிடும். ஒரே சுவர்ப் பாயிண்டைத் தொலைபேசிக்கும் கம்ப்யூட்டருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வசதி இதிலிருந்து வந்தது. இன்றும் பல அலுவலகங்களில் அப்படித்தான் நடக்கிறது.

சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. எட்டுக் கம்பி பிளக்கின் முகப்பில் எட்டுப் பள்ளங்கள் உண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் ஒரு உலோகத் தகடு, பிளாஸ்டிக்கின் மேல்மட்டத்தை விட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். சாக்கெட்டின் கம்பிகள் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கித் தகட்டைத் தொடும். தொலைபேசி பிளக்கில் அதிகபட்சம் ஆறு பள்ளங்கள்தான். இரண்டு முதல் ஏழு வரையிலான கம்பிகளுக்கு இடம் உண்டு. ஒன்றாவதும் எட்டாவதும் பிளக்கின் கெட்டியான ஓரச் சுவரில் மோதும். இறங்கப் பள்ளம் இல்லாததால், மற்ற கம்பிகளை விட அரை மில்லிமீட்டர் கூடுதலாக அவை வளைந்தாக வேண்டும்.

அரை மில்லிமீட்டர் என்ன பெரிய தூரமா என்று தோன்றலாம். கம்பி இருக்கும் அளவுக்கு அது மிகப் பெரிய தூரம். எந்த ஸ்பிரிங்கும் ஓர் எல்லை வரை வளைந்தால் திரும்பி வரும், அந்த எல்லையைத் தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். சாக்கெட் கம்பிகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் பாஸ்பர் வெண்கலம், ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு நீட்சிக்குள் மீண்டு வரும். அதற்கு மேல் நிரந்தரமாகத் தளரும். நெட்வொர்க் சாக்கெட்டில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிராம் எடை வைத்தது போன்ற அழுத்தத்தோடு பிளக்கின் தகட்டைத் தொட வேண்டும். தளர்ந்த கம்பி தொடும், ஆனால் அழுத்தாது. இன்னும் தளர்ந்தால் தொடவே தொடாது.

100 மெகாபிட் வேகத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு ஆகிய நான்கு கம்பிகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். எட்டாவது கம்பி விட்டுப்போனால் இணைப்பு செத்துப்போகாது. இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஆயிரத்துக்கு முயன்று பார்த்து, முடியாமல், நூறில் சமாதானமாகிவிடும். அதனால்தான் அந்த மேசைக்காரர்கள் யாரும் 'இணையம் வரவில்லை' என்று சொல்லவில்லை, 'மெதுவாக இருக்கிறது' என்றே சொன்னார்கள். கண்டுபிடிக்க அவ்வளவு காலம் ஆனதும் அதனால்தான்.

இப்படிப்பட்ட சேதத்தை எதிர்க்கும் சாக்கெட்டை எப்படி அமைப்பது? முதலில் வரும் யோசனை, தவறான பிளக்கை உள்ளேயே விடக்கூடாது என்பது. பெரிய பிளக்கைச் சிறிய துளைக்குள் விடாமல் தடுப்பது எளிது, துளையின் அளவே காவல். ஆனால் சிறியது பெரியதற்குள் நுழைவதை அளவு தடுக்காது. அகலமான பிளக் மட்டுமே விலக்கித் தள்ளக்கூடிய இரண்டு சிறு கரங்களைத் துளையின் இரு ஓரங்களிலும் வைக்கலாம். குறுகலான பிளக் வந்தால் அந்தக் கரங்கள் விலகாமல் வழியை மறிக்கும். இந்த வகைத் தடுப்புகள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நகரும் உறுப்பும் உடையக்கூடிய இன்னோர் உறுப்பு. சிக்கிக்கொண்ட பிளக்கை ஆத்திரத்தில் இன்னும் அழுத்தித் தள்ளுகிற கையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது வழியைத்தான் நான் மேலானதாக நினைக்கிறேன். தவறான பிளக் உள்ளே வரட்டும், ஆனால் அதனால் எதுவும் கெடாத அளவுக்குக் கம்பிகள் வளைந்து கொடுக்கட்டும். இங்கேதான் பொறியாளரின் கை கட்டப்படுகிறது. ஒரு முனை பிடிபட்டு மறுமுனை வளையும் கம்பியில், அதே தூரம் வளைவதற்குக் கம்பியின் மேற்பரப்பு தாங்க வேண்டிய நீட்சி, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நீளத்தை இரட்டித்தால் நீட்சி நான்கில் ஒரு பங்காகிவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அழுத்தும் விசை நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் சரியும், எட்டில் ஒரு பங்காகிவிடும். அதை ஈடுகட்டக் கம்பியின் தடிமனையும் இரட்டித்தால் விசை பழைய நிலைக்குத் திரும்பும், நீட்சி பாதி அளவில் நிற்கும். ஆக, நீளமும் தடிமனும் இருமடங்கான கம்பி அதே அழுத்தத்தைக் கொடுத்துக்கொண்டே, இருமடங்கு தூரம் வளைந்தாலும் தாங்கும். பொருந்தாத பிளக்கைச் சமாளிக்க அது பெரும்பாலும் போதும்.

அப்படியானால் ஏன் எல்லோரும் நீளமான கம்பிகளை வைப்பதில்லை? நெட்வொர்க் சாக்கெட் வெறும் இயந்திரப் பொருளாக இருந்தால் வைத்திருப்பார்கள். நெட்வொர்க் கேபிள்களில் கேட் 6 என்ற வகையில் 250 மெகாஹெர்ட்ஸ் வரையும், அதற்கு அடுத்த கேட் 6ஏ வகையில் 500 மெகாஹெர்ட்ஸ் வரையும் சிக்னல் போகிறது. அந்த அதிர்வெண்ணில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகள் எவ்வளவு தூரம் இணையாக ஓடுகின்றனவோ அவ்வளவுக்கு ஒன்றின் சிக்னல் மற்றொன்றுக்குள் கசியும். மின்னியல் பக்கம் இருப்பவர் கம்பியைக் குட்டையாக்கச் சொல்வார், இயந்திரப் பக்கம் இருப்பவர் நீளமாக்கச் சொல்வார். வேகம் கூடக் கூட மின்னியல் பக்கத்தின் குரல் வலுக்கிறது. நல்ல சாக்கெட் என்பது இந்த இருவரும் உட்கார்ந்து பேசி முடித்த உடன்படிக்கை.

உடன்படிக்கையில் சில நயமான தீர்வுகள் உண்டு. எல்லாக் கம்பிகளையும் நீளமாக்காமல், கம்பிக்குப் பின்னால் மெல்ல வளைந்த ஒரு பிளாஸ்டிக் முதுகை வைப்பார்கள். கம்பி அளவுக்கு மீறி வளையும்போது ஒரே இடத்தில் மடியாமல் அந்த முதுகின் மேல் படிந்து, வளைவை நீளம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். வாழைமட்டையை ஒரே இடத்தில் மடித்தால் முறியும், பானையின் மேல் வைத்து வளைத்தால் வளையும், அதே தத்துவம். ஓரத்து இரண்டு கம்பிகளுக்கு மட்டும் பின்னால் கூடுதல் இடம் ஒதுக்குவது இன்னொரு வழி. பாஸ்பர் வெண்கலத்துக்குப் பதில் பெரிலியம் செம்பு போட்டால் அதிக நீட்சியைத் தாங்கும், விலையும் ஏறும். இப்படி அமைந்த சாக்கெட்டுகளின் விவரத்தாளில் ஆறு கம்பி பிளக்கைச் செருகினாலும் ஓரக் கம்பிகள் கெடாது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நான் இப்போது வாங்கும்போது முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன்.

நெட்வொர்க் சாக்கெட் கெட்டால் வேகம்தான் போகும். வீட்டு மின்சார சாக்கெட்டில் இதே பிழை நேர்ந்தால் வீடே போகலாம்.

நம் நாட்டின் உருண்டைப் பின் பிளக்குகள் பிரிட்டிஷாரின் பழைய பிஎஸ் 546 தரத்திலிருந்து வந்தவை. அன்று 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்றிருந்ததை இன்றைய இந்தியத் தரமான ஐஎஸ் 1293, 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்கிறது. சிறியதன் பின் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் விட்டம், பெரியதன் பின் ஏறத்தாழ 7.1. பின்களுக்கு இடையிலான தூரமும் வேறு: ஒன்றில் சுமார் 19 மில்லிமீட்டர், மற்றதில் 25.4. இந்த மூல வடிவமைப்பில் ஒரு நேர்மை இருந்தது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகவே போகாது. அயர்ன் பாக்ஸுக்கு ஒரு பாயிண்ட், மின்விசிறிக்கு ஒரு பாயிண்ட் என்று சுவரே பிரித்துச் சொல்லிவிடும்.

பிறகு வசதி வேண்டும் என்று ஆறும் பதினாறும் ஒரே முகப்பில் சேர்ந்தன. சேர்ந்ததில் தவறில்லை. தவறு, உள்ளே இருக்கும் உலோகத்தையும் சேர்த்ததில்தான். மலிவான சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், ஒரே பித்தளைத் தகடு இரண்டு அளவுப் பின்களையும் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஒரே தகடு பிடிக்க வேண்டுமானால் அது மிக நல்ல ஸ்பிரிங்காக இருக்க வேண்டும். பித்தளை அப்படிப்பட்ட ஸ்பிரிங் இல்லை. கீசரின் பருத்த பின் ஒரு மாதம் அதில் இருந்துவிட்டால், அடுத்து வரும் மிக்சியின் சிறிய பின் அந்தத் துளையில் ஆடும். நல்ல தயாரிப்பில் ஒரே துளை வாய்க்குப் பின்னாலும் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனித் தகடு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. விலையிலும் எடையிலும் தெரியும்.

ஆடுகிற பின் என்ன செய்யும்? இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும்போது பார்வைக்கு முழுப் பரப்பும் தொடுவது போலத் தோன்றும். உண்மையில் கண்ணுக்குத் தெரியாத சில மேடுகள் மட்டுமே தொடுகின்றன. மின்சாரம் முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. ஸ்வீடனில் பிறந்த ராக்னர் ஹோம் என்ற இயற்பியலாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் புள்ளிகளை ஆராய்வதில் கழித்தார். அழுத்தம் கூடினால் மேடுகள் நசுங்கி மேலும் பல இடங்கள் தொடும், மின்தடை குறையும். அழுத்தம் குறைந்தால் மின்தடை ஏறும்.

ஒரு கணக்கு. 3000 வாட் கீசர், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும். நல்ல சாக்கெட்டில் பின் தொடுமிடத்தின் தடை சில மில்லி ஓம்தான். 5 மில்லி ஓம் என்று வைத்தால், அங்கே உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டுக்கும் குறைவு. தளர்ந்த சாக்கெட்டில் அது 0.15 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.15, ஏறத்தாழ 25 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயப்பற்று வைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைச் சூடாக்கி, சுவரிலுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் செருகிவைத்துவிட்டுக் குளிக்கப் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஃபியூஸ் போகாது, எம்சிபி விழாது. அவை பார்ப்பது ஆம்பியரை, ஆம்பியர் சரியாகத்தான் இருக்கிறது.

வெப்பம் ஏறினால் பித்தளைத் தகடு மேலும் தளரும், மேற்பரப்பில் கருப்பாக ஆக்சைடு படியும், தடை மேலும் ஏறும், வெப்பம் மேலும் கூடும். இந்தச் சுழலைத் தொடங்கிவைக்க ஒரே ஒரு தவறான பிளக் போதும். சுழல் தொடங்கிய பிறகு சாக்கெட் தனக்குள் வரும் நல்ல பிளக்கையும் கெடுக்கும். கருகிய துளையில் இருந்த பின் கருத்துவிடும். அந்தக் கருத்த பின்னை எடுத்துப்போய் வேறு அறையில் நல்ல சாக்கெட்டில் செருகினால், சொரசொரப்பும் ஆக்சைடும் அங்கேயும் தொற்றும். ஒரு வீட்டில் மூன்று பாயிண்டுகள் அடுத்தடுத்துக் கருகியதைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் மாறி மாறிப் பயன்பட்டது ஒரே இஸ்திரிப் பெட்டி. ஒவ்வொரு முறையும் எலக்ட்ரீஷியன் சாக்கெட்டை மட்டும் மாற்றினார். பிளக்கை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

இதோடு நம் வீட்டு வைத்தியங்கள் சேர்ந்துகொள்கின்றன. பிளக் ஆடினால் பின்னின் நுனியில் உள்ள பிளவுக்குள் கத்தியை விட்டு விரிப்பார்கள். அந்த ஒரு சாக்கெட்டில் பின் இறுகும். ஆனால் அளவு மீறிய அந்தப் பின் அடுத்து எந்த சாக்கெட்டுக்குள் போனாலும் அதன் தகட்டையும் பிதுக்கிவிடும். கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் பிளக்கே இல்லாமல் ஒயரின் முனையைச் சீவித் துளைக்குள் விட்டு, தீக்குச்சியை இடுக்கி இறுக்குகிறார்கள். குச்சியின் ஒரு துண்டு உள்ளேயே முறிந்து தங்கிவிடும். செய்பவர்களைத் திட்டிப் பயனில்லை. தளர்ந்த சாக்கெட் அவர்கள் கைக்கு வந்தது, விளக்கு எரிந்தாக வேண்டும் என்று அவசரம். அவர்கள் கையில் தளராத சாக்கெட்டைக் கொடுத்திருந்தால் கத்தியும் குச்சியும் தேவைப்பட்டிருக்காது.

வெளிநாட்டுச் சார்ஜர்களின் கதை வேறு விதம். ஐரோப்பாவின் மெல்லிய இரண்டு பின் பிளக்கின் விட்டம் 4 மில்லிமீட்டர், அதன் மின்னோட்ட வரம்பு 2.5 ஆம்பியர். நம் 5.1 மில்லிமீட்டர் துளையில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடும், தொட்டுத் தொட்டு விடும்போது பொறி பறக்கும். ஆனாலும் கைபேசி சார்ஜர் இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம், பெரும் ஆபத்து இல்லை. கவலைப்பட வேண்டியது ஷூக்கோ எனப்படும் பருத்த ஜெர்மன் வகை. அதன் பின் 4.8 மில்லிமீட்டர், இடைவெளி 19. நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் இரண்டு கீழ்த்துளைகளில் அது இறங்கிவிடும். அதன் எர்த் பிளக்கின் பக்கவாட்டில் இருப்பதால் நம் சாக்கெட்டில் எர்த் இணைப்பே கிடைக்காது. மேலும் அந்த பிளக் 16 ஆம்பியருக்கானது. 2000 வாட் ஹீட்டரை வாங்கி வந்து 6 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் அதன் வழியே ஓடும். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. எந்த நாட்டு பிளக்கையும் ஏற்கும் 'யூனிவர்சல்' சாக்கெட்டுகளை நான் பொருத்திக் கொடுப்பதில்லை. எல்லா வடிவத்துக்கும் இடம் விட்ட துளை எந்த வடிவத்தையும் இறுகப் பிடிக்காது.

பிரிட்டன் இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்க முயன்றது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, போருக்குப் பிந்தைய வீடுகளுக்கான மின்னமைப்பை வகுக்க ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹேஸ்லெட். குழந்தையின் விரலும் ஊசியும் உள்ளே போகாதபடி துளைகளுக்கு மூடி வேண்டும் என்பது அந்தக் குழு வகுத்த நிபந்தனைகளில் ஒன்று. 1947இல் வெளியான பிஎஸ் 1363 தரம் அதன் விளைவு. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வாழும் நம்மவர்கள் தினமும் தொடும் மூன்று தட்டைப் பின் பிளக் அதுதான். இலங்கையில் உருண்டைப் பின்களும் இந்தத் தட்டைப் பின்களும் நெடுங்காலம் கலந்து புழங்கிய குழப்பத்துக்குப் பிறகு, 13 ஆம்பியர் தட்டைப் பின்னையே தேசியத் தரமாக வைக்க முடிவெடுத்தார்கள்.

அந்த பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டையும் விட 5 மில்லிமீட்டர் நீளம். அது முதலில் உள்ளே போய் மூடியைத் திறக்கும், பிறகுதான் மற்றவை நுழைய முடியும். சாவி போட்டால்தான் கதவு திறக்கும் என்பது போல. சிறிய பிளக் பெரிய துளைக்குள் நுழைவதை அளவால் தடுக்க முடியாது என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதற்கு மனிதர் கண்ட மிக அழகான விடைகளில் இது ஒன்று.

ஆனால் சாவி இல்லாதவர் பூட்டை உடைப்பார். பேனாவின் முனையையோ ஸ்க்ரூ டிரைவரையோ எர்த் துளையில் அழுத்தி மூடியைத் திறந்து, உருண்டைப் பின்னைத் தட்டைத் துளைக்குள் செருகுவதை நம்மில் பலர் செய்திருக்கிறோம். தட்டையான 4 மில்லிமீட்டர் பின்னுக்காக அமைந்த தகட்டின் நடுவில் உருண்டைப் பின் உட்காரும்போது, பரப்பு முழுவதும் தொடாமல் ஒரு கோட்டில் மட்டும் தொடும். பின் சற்றுப் பருத்திருந்தால் தகடு நடுவில் குழிந்துவிடும். அடுத்த நாள் சரியான பிளக்கைச் செருகினால் அது அந்தக் குழியின் இரண்டு விளிம்புகளை மட்டுமே தொடும்.

இதைவிட வியப்பான ஒன்று: குழந்தைகளைக் காக்க விற்கப்பட்ட பிளாஸ்டிக் மூடிகளே சாக்கெட்டைக் கெடுத்தன. சாக்கெட்டின் துளைகளில் செருகிவைக்கும் அந்த மூடிகளின் பின்கள் எந்தத் தரத்துக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சில தடித்தவை, சில நீண்டவை. எர்த் துளையில் அவை இருக்கும்வரை மற்ற துளைகளின் காப்பும் திறந்தே இருந்தது. 2016இல் பிரிட்டனின் சுகாதாரத் துறை, மருத்துவமனைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிக்கை விடுத்தது. மின்சாரமே பாயாத ஒரு பிளாஸ்டிக் துண்டும் தவறான பிளக்தான், சாக்கெட்டின் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை.

விமானத்திலும் ராணுவக் கருவிகளிலும் வேலை செய்பவர்கள் இந்தப் பாடத்தை முன்பே கற்றிருந்தார்கள். அங்கே ஒரு மில்லிமீட்டர் விட்டப் பின்னுக்கான நுண்ணிய துளைகள் ஒரே கனெக்டரில் டஜன் கணக்கில் இருக்கும். பழுது பார்ப்பவர் மல்ட்டிமீட்டரின் 2 மில்லிமீட்டர் முனையை அந்தத் துளையில் குத்தி அளந்து பார்ப்பார். துளையின் மெல்லிய விரல்கள் விரிந்துவிடும், பிறகு உண்மையான பின் போனால் பிடிக்காது. இதற்குத் தீர்வாக அந்த விரல்களுக்கு வெளியே, வாயருகில் நீண்டு நிற்கும் கெட்டியான எஃகுக் குழாய் ஒன்றைப் போர்த்தினார்கள். சரியான பின் மட்டுமே அந்த வாய்க்குள் நுழையும். அளவு மீறிய எதுவும் விரல்களை அடையும் முன்பே எஃகில் முட்டி நின்றுவிடும். எளிய யோசனை, எந்த நகரும் உறுப்பும் இல்லை. வீட்டு சாக்கெட்டிலும் இதற்கு இடம் உண்டு: தகட்டின் வெளிப்பக்கம் விரியாதபடி பின்னால் ஒரு பிளாஸ்டிக் சுவரை நெருக்கமாக வார்த்தாலே போதும். கத்தியால் விரித்த பின்னோடு பிளக் வந்தால் தகடு அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கும், எல்லை மீறி வளையாது. உள்ளே போக முடியாமல் பிளக் நின்றுவிடும், அதுதான் வேண்டியது.

கைபேசி உலகம் இன்னொரு கோணத்திலிருந்து அணுகியது. மினி யூஎஸ்பி காலத்தில் கெட்டுப்போனது பெரும்பாலும் கருவியின் சாக்கெட். மைக்ரோ யூஎஸ்பி வந்தபோது, தேய்ந்து தளரக்கூடிய பூட்டு ஸ்பிரிங்குகளைச் சாக்கெட்டிலிருந்து எடுத்து பிளக்கில் வைத்தார்கள். 10,000 முறை செருகி எடுக்கலாம் என்ற கணக்கு. டைப் சி வகையிலும் வளைந்து கொடுக்கும் தொடுமுனைகள் கேபிளின் பக்கம்தான். கருவிக்குள் இருப்பது அசையாத நாக்கு ஒன்றுதான். தளர்ந்தால் கேபிள் தளரட்டும், சில நூறு ரூபாயில் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்கிற முடிவு அது. மேலும் கீழும் திருப்பிச் செருகினாலும் சரி என்று ஆக்கியதன் மூலம் தவறாகச் செருகும் வாய்ப்பையே எடுத்துவிட்டார்கள். அந்த நாக்கு உடைந்தால் கதை வேறு, ஆனால் எந்தப் பக்கம் தேய வேண்டும் என்று யோசித்து முடிவெடுத்த அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

மின்சாரம் அனுப்பும் நெட்வொர்க் ஸ்விட்சுகளும் சொல்ல வேண்டியவை. கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் அதே கேபிளில் 48 வோல்ட் அளவுக்கு மின்சாரம் கொடுக்கும் முறைக்கு 2003இல் தரம் வந்தது. அந்த ஸ்விட்ச் எடுத்த எடுப்பில் 48 வோல்ட்டைக் கொட்டுவதில்லை. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் மெல்லத் தொட்டுப் பார்க்கும். மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று அளக்கும். இருந்தால்தான் 'இது மின்சாரம் கேட்கும் கருவி' என்று புரிந்துகொண்டு கொடுக்கும். பிரிட்டிஷ் சாக்கெட்டின் நீண்ட எர்த் பின் செய்வதை இங்கே ஒரு மின்தடை செய்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எப்போதும் மின்சாரத்தை விட்டுவைக்கும் மலிவான கருவிகளும் சந்தையில் உண்டு. அவற்றின் கேபிளைத் தவறான கருவியில் செருகினால் கருவி போய்விடும்.

மின் சாக்கெட்டுகளுக்கான சோதனைகள் கடுமையானவை. உச்ச அளவுப் பின்னைச் செருகி எடுத்துவிட்டு, மிகச் சிறிய அளவுப் பின்னை அதே துளையில் தொங்கவிட்டு விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். முழு மின்னோட்டத்தில் ஆயிரக்கணக்கான முறை செருகி எடுப்பார்கள். ஆனால் அந்தப் 'பெரிய', 'சிறிய' பின்கள் இரண்டுமே சரியான பிளக்கின் அனுமதிக்கப்பட்ட உச்சமும் நீச்சமும்தான். கத்தியால் விரித்த பின்னையோ, ஜெர்மன் ஹீட்டரின் பின்னையோ செருகி எடுத்த பிறகு அதே தொங்கும் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வீடுகளில் தினமும் நடப்பது அந்தச் சோதனைதான். அதில் தோற்கும் சாக்கெட் கடைக்கு வரும் முன்பே தோற்கட்டும்.

அந்த மூன்றாவது மாடி சாக்கெட்டை அன்றே கழற்றி, ஆறு கம்பி பிளக்கையும் தாங்கும் என்று விவரத்தாளில் சொன்ன ஒன்றைப் பொருத்தினேன். மறுநாள் காலை 1000 மெகாபிட் வந்தது. ஆனால் அதே தளத்தில் இன்னும் பதினொரு தொலைபேசிகள் பழைய சாக்கெட்டுகளில் சிறிய பிளக்கோடு தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் மாற்றப் பணம் கிடைக்கவில்லை. அதனால் பதினொரு கம்பிகளைப் புதிதாகச் செய்தேன். தொலைபேசிப் பக்கம் வழக்கமான சிறிய பிளக், சுவர்ப் பக்கம் எட்டுப் பள்ளம் உள்ள பெரிய பிளக். அந்தப் பெரிய பிளக்கில் நான்காவதிலும் ஐந்தாவதிலும் மட்டும் நீலச் சோடியின் இரண்டு ஒயர்கள். மற்ற ஆறு பள்ளங்களில் ஒயர் இல்லை, சாக்கெட்டின் கம்பிகள் அங்கே வந்து இறங்குவதற்கு இடம் மட்டும் இருக்கிறது.